கிணற்றிலிருந்து கடலுக்கு



அவிநாசியைச் சுற்றியுள்ள ஊர்களில் பிறந்தவர்களுக்கு நீச்சல் கற்றுக் கொடுத்த பள்ளி கிணறுதான். முதுகில் சுரைக்குடுவையைக் கட்டியோ, இடுப்பில் கயிற்றைக் கட்டியோ பெரியவர்கள் நம்மை இறக்கி விடுவார்கள். சில நாட்களில் குடுவை கழன்றுவிடும், கயிறும் வேண்டியதில்லை. பிறகு மேட்டிலிருந்து குதிப்பதும், அடியில் கிடக்கும் காசை எடுத்து வருவதும் விளையாட்டாகிவிடும். அப்படித் தேறியவன் கடலைக் காணும்போது, "இதுவும் தண்ணீர்தானே" என்று எண்ணுவது இயல்பு. அந்த எண்ணத்தில் பாதி உண்மை, பாதி ஆபத்து. கரையிலிருந்தே கடலில் இறங்கி, அடியிலுள்ள உலகைக் கண்டு திரும்பும் ஒரு விடுமுறைப் பயணத்தை எவ்வாறு திட்டமிடலாம் என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

கரையிலிருந்து முக்குளிப்பதற்கு உலகில் பெயர்பெற்ற இடம் கரீபியன் கடலின் தென்பகுதியில், வெனிசுவேலா நாட்டுக்கு வடக்கே உள்ள போனேர் என்னும் தீவு. அதன் பரப்பு ஏறத்தாழ 288 சதுர கிலோமீட்டர். காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசுவதால் மேற்குக் கரை அமைதியாக இருக்கிறது. பவளப் பாறை கரையை அடுத்தே தொடங்கிச் சரிந்து இறங்குகிறது. படகு வேண்டியதில்லை, சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, நடந்தே கடலுக்குள் இறங்கலாம். இறங்கத்தக்க இடங்களை மஞ்சள் வண்ணம் பூசிய கற்களில் பெயர் எழுதிக் காட்டியிருக்கிறார்கள். அத்தகைய இடங்கள் ஐம்பதுக்கும் மேல் உண்டு.

இயற்கை கொடுத்ததை அம்மக்கள் காத்துக்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. 1971ஆம் ஆண்டிலேயே அங்கு ஈட்டித் துப்பாக்கியால் மீன் வேட்டையாடுவதைத் தடை செய்தார்கள். 1975இல் பவளத்தை எடுப்பதைத் தடுத்தார்கள். 1979இல் கரையைச் சுற்றியுள்ள கடலையே பாதுகாக்கப்பட்ட பூங்காவாக்கினார்கள். இன்றும் அங்கு செல்லும் பயணி இயற்கைக் காப்புக்கெனக் கட்டணம் செலுத்த வேண்டும். முக்குளிக்க வருபவர் எத்துணைத் தேர்ச்சி உடையவராயினும், முதலில் ஓர் அறிமுக முக்குளிப்பைச் செய்து காட்டிய பிறகே விருப்பம்போல் இறங்கலாம். "எனக்குத் தெரியும்" என்னும் சொல்லை அத்தீவு அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. இது நாம் மனத்தில் இருத்த வேண்டிய முதற் பாடம்.

போனேர் நமக்குத் தொலைவு. ஆனால் அவிநாசியிலிருந்து திருப்பூர், திண்டுக்கல், மதுரை, இராமநாதபுரம் வழியாக ஓர் இரவு பயணம் செய்தால் மண்டபத்தை அடைந்துவிடலாம். அங்கே ஒரு நிலமுனையின் இரு பக்கத்திலும் இரண்டு கடல்கள். தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே பாக்கு நீரிணையை ஒட்டிய பாக்கு விரிகுடா. அவ்வூர் மக்கள் இவற்றைத் தென்கடல், வடகடல் என்பார்கள். இந்த இரண்டு சொற்களில் ஒரு பயணத் திட்டமே அடங்கியிருக்கிறது.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவக்காற்று வீசத் தொடங்கினால் நிலைமை தலைகீழாகும். இரண்டு பருவங்களுக்கும் இடைப்பட்ட பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். முற்காலத்து முத்துக்குளிப்புகள் பெரும்பாலும் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களை ஒட்டியே நடைபெற்றதற்குக் காரணம் இதுதான்.

இனி நம் நாட்காட்டியைப் பாருங்கள். பின்னலாடைத் தொழில் நடக்கும் நம் பகுதியில் நீண்ட விடுமுறை என்றால் தீபாவளிதான். தறியும் தையல் எந்திரமும் ஓய்ந்து, குடும்பத்தோடு வெளியூர் செல்ல வாய்க்கும் காலமும் அதுவே. ஆனால் அதே காலந்தான் தமிழகக் கீழ்க்கரைக்கு மழையும் புயலும் வரும் காலம். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22, 23ஆம் நாட்களில் தனுஷ்கோடியை அழித்த புயல் இப்பருவத்தில் வந்ததே. பொங்கல் விடுமுறையில் மழை ஓய்ந்திருக்கும். ஆயினும் வாடைக்காற்று வடகடலைக் கலக்கிக்கொண்டிருக்கும். ஆகவே ஆண்டுத் தேர்வு முடிந்தவுடன், ஏப்ரல் இறுதியில் புறப்படுவதே மாணவர்களுக்கு ஏற்றது. தீபாவளிக்குத்தான் விடுமுறை கிடைக்கும் என்றால் கோயில்களைக் கண்டு வாருங்கள். கடலடியைப் பார்ப்பதை ஏப்ரலுக்கு ஒத்தி வையுங்கள். கடல் காத்திருக்கும்.

அடுத்த கேள்வி, எங்கே இறங்குவது என்பது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் மண்டபம் வரை 21 தீவுகள் இருந்தன. அவற்றையும் சூழ்ந்த கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பை 1986இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தனர். 1989இல் இவ்வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமும் ஆயிற்று. தீவுகள் "இருந்தன" என்று இறந்த காலத்தில் சொன்னதற்குக் காரணம் உண்டு. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரண்டு தீவுகள் இன்று நீருக்கடியில் உள்ளன. சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் பல்லாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்ததால் அலையைத் தடுத்து நின்ற அரண் அழிந்தது. மணல் அரித்துப் போயிற்று. போனேர் மக்கள் பவளத்தைக் காத்தார்கள். நாம் தீவுகளை இழந்த பிறகு காக்கத் தொடங்கினோம்.

இப்பூங்காவின் தீவுகளில் வனத்துறையின் அனுமதியின்றி இறங்குதல் குற்றம். படகுக்காரர் யாரேனும் "யாரும் பார்க்கமாட்டார்கள்" என்று அழைத்தால் செல்லாதீர்கள். மண்டபத்திலிருந்து இராமேசுவரம் தீவின் வடகரை ஓரமாக ஒரு பவளப் பாறைத் தொடர் செல்கிறது. அது கரையிலிருந்து சில நூறு மீட்டர் தொலைவிலேயே, மிகவும் ஆழமில்லாத நீரில் அமைந்திருக்கிறது. முகக் கண்ணாடியும் மூச்சுக்குழலும் அணிந்து நீர்மட்டத்தில் மிதந்தே பலவற்றைக் காணலாம். இதனை ஸ்நார்க்கல் நீச்சல் என்பர். எங்கே அனுமதி உண்டு, எங்கே இல்லை என்பதை இராமநாதபுரம் வனத்துறையினரிடம் முன்கூட்டியே கேட்டறிவது உங்கள் திட்டத்தின் முதல் வேலையாக இருக்கட்டும். தொடக்கத்தில் காற்றுக்குடுவை தேவையில்லை. மூச்சுக்குழலோடு மூன்று நாள் கழிப்பவன் கடலைப் பற்றிக் கற்பது மிகுதி.

இறங்குவதற்கு முன் ஒரு பகலை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திற்கு ஒதுக்குங்கள். 1947இல் தோன்றிய அந்நிறுவனத்தின் தலைமையகம் 1971 வரை மண்டபத்தில்தான் இருந்தது. பிறகு கொச்சிக்கு மாறியது. இன்றும் மண்டபத்தில் அதன் வட்டார நிலையம் இயங்குகிறது. மான்கொம்புப் பவளம், மூளைப் பவளம், கடல்வெள்ளரி, கடற்குதிரை ஆகியவற்றின் பெயரையும் உருவையும் அறிந்தபின் கடலில் இறங்கினால், கண் காண்பதை அறிவும் காணும்.

இனி, நீருக்குள் நம் உடலுக்கு என்ன நேர்கிறது என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்லியாக வேண்டும். கிணற்றின் அடிக்குச் சென்றவர்களுக்குக் காது வலித்தது நினைவிருக்கும். நீரில் ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. நீர்மட்டத்தில் ஒரு பங்கு. பத்து மீட்டரில் இரண்டு பங்கு. இருபது மீட்டரில் மூன்று பங்கு. அழுத்தம் இரட்டித்தால் காற்றின் பருமன் பாதியாகும் என்பது 1662இல் இராபர்ட் பாயில் வெளியிட்ட விதி. நீங்கள் பௌதிகப் பாடத்தில் படித்த விதிதான். தேர்வுத்தாளில் தவறினால் போவது இரண்டு மதிப்பெண், கடலில் தவறினால் போவது உயிர்.

எவ்வாறு எனின், மூச்சடக்கிக் கிணற்றில் மூழ்குபவன் மேலிருந்து கொண்டு சென்ற காற்றையே திரும்பக் கொண்டு வருகிறான். நுரையீரல் உள்ளே சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவை அடைகிறது. ஆனால் 1943இல் பிரெஞ்சு நாட்டினரான கூஸ்தோ, கானியான் ஆகிய இருவரும் உருவாக்கிய கருவியின் வழிவந்த ஸ்கூபாக் குடுவையோடு செல்பவன், ஆழத்தில் அங்குள்ள அழுத்தத்திற்கு ஏற்ற காற்றைச் சுவாசிக்கிறான். பத்து மீட்டரில் நுரையீரல் நிறைய மூச்சிழுத்து, கிணற்றுப் பழக்கத்தால் அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அக்காற்று இரு மடங்காகப் பெருகும். நுரையீரல் தாங்காது. ஆகவே கிணற்று நீச்சலின் முதல் விதி மூச்சை அடக்கு என்பது. ஸ்கூபாவின் முதல் விதி ஒருபோதும் மூச்சை அடக்காதே என்பது. நல்ல நீச்சல்காரனுக்குப் பழைய பழக்கமே பகையாகும் இடம் இதுதான்.

மற்றோர் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. அதை நம் ஊர்ச் சாயப்பட்டறையைக் கொண்டே விளக்கலாம். துணி சாயத்தை ஏற்பது சாயத்தின் செறிவையும், ஊறும் நேரத்தையும் பொறுத்தது. அழுத்தம் மிகுந்த காற்றைச் சுவாசிக்கும்போது, அதிலுள்ள நைட்ரஜன் அவ்வாறே நம் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. ஆழம் கூடினால் செறிவு கூடும். நேரம் கூடினால் ஊறல் கூடும். பிறகு விரைந்து மேலே வந்தால், சோடாப் புட்டியைத் திறந்ததும் குமிழி பொங்குவதைப் போல, கரைந்த வாயு உடலுக்குள்ளேயே குமிழியாகும். மூட்டு வலி முதல் கைகால் முடக்கம் வரை அதனால் நேரலாம். 1908இல் ஆல்டேன் என்னும் பிரித்தானிய அறிஞர், ஆடுகளைக் கொண்டு செய்த சோதனைகளின் பயனாக, எவ்வளவு ஆழத்திலிருந்து எவ்வளவு மெல்ல ஏற வேண்டும் என்பதற்கு அட்டவணை வகுத்தார். இன்று தொடக்கநிலைச் சான்றிதழ் பெற்றவருக்குப் பயிற்சி அமைப்புகள் 18 மீட்டரை எல்லையாக வைத்திருக்கின்றன.

இங்கே நம் பகுதியினர் தனியே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இராமேசுவரம் சென்று திரும்பும் வழியில் கொடைக்கானலையும் பார்த்துவிடலாம் என்று திட்டமிடுவது நம் வழக்கம். கொடைக்கானல் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர். உதகை 2,240 மீட்டர். மலை ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது. ஸ்கூபா முக்குளித்த உடலில் மிச்சமிருக்கும் நைட்ரஜனுக்கு, அது விமானத்தில் ஏறுவதற்கு ஒப்பாகும். பல முறை முக்குளித்தவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது மருத்துவர் அறிவுரை. உயர்ந்த மலைக்கும் அதே கணக்குத்தான். எனவே மலை முதலில், கடல் பிறகு என்று வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். அவிநாசி முந்நூறு மீட்டர் அளவிலேயே இருப்பதால் நேரே ஊர் திரும்புவதில் அத்தகைய அச்சமில்லை.

ஸ்கூபா கற்க விரும்புவோர் விடுமுறைக்குச் சில மாதம் முன்பே தொடங்க வேண்டும். சென்னையிலும் புதுச்சேரியிலும் பயிற்சி நிலையங்கள் உள்ளன. அதற்கும் முன்னர் மருத்துவரைக் காண வேண்டும். நூற்பாலையிலும் பின்னலாடைக் கூடத்திலும் பஞ்சுத் தூசியில் பல்லாண்டு உழைத்தவர்களுக்கு மூச்சுக் குழல் இறுகும் கோளாறு ஏற்படுவதுண்டு. ஆஸ்துமா உடையவரும், காதில் சீழ் உடையவரும் மருத்துவர் இசைவின்றி இறங்கலாகாது. இதை மறைத்துப் படிவத்தில் கையெழுத்திடுவது பயிற்சியாளரை ஏமாற்றுவதன்று, தன்னையே ஏமாற்றிக்கொள்வது.

உடையைப் பற்றியும் ஒரு சொல். வெயிலில் மிதப்பவரின் முதுகு சில மணி நேரத்தில் வெந்துவிடும். தோலில் பூசும் சில களிம்புகள் பவளத்திற்குத் தீங்கு செய்கின்றன. நம் ஊரில் தைக்கப்படும் முழுக்கை பனியன் ஒன்று போதும். பருத்தியாயின் நனைந்து கனக்கும். செயற்கை இழையாயின் இலேசாக இருக்கும். பாம்பன் பகுதியில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் சேலையை இறுக வரிந்து, மேலே சட்டையோ பனியனோ அணிந்து, விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக் கடலில் மூழ்குகிறார்கள். அந்தப் பனியன்களில் சில நம் திருப்பூரில் தைத்தவையாகவும் இருக்கலாம். அவர்கள் பாசி வளர இடம் தரும் பொருட்டு, மாதத்தில் சில நாட்களே கடலுக்குச் செல்வது என்று தமக்குள் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டவர்கள். கடலால் வயிறு வளர்ப்பவர்களே அவ்வாறு அடங்கி நடக்கும்போது, மூன்று நாள் விருந்தினராகிய நாம் பவளத்தின்மேல் கால் வைப்பதும், நினைவுக்கென்று ஒரு கிளையை ஒடிப்பதும் தகுமா? பவளத்தை எடுப்பதும் விற்பதும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடைத்தெருவில் யாரேனும் விற்றால் வாங்குவதும் கூடாது.

இளமையில் நான் செய்த ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். தென்கடற்கரை ஒன்றில் யாரிடமும் சொல்லாமல் தனியே இறங்கி நீந்தினேன். சிறிது நேரத்தில் திரும்பிப் பார்த்தால் கரை எட்டிப் போயிருந்தது. கரையை நோக்கி எவ்வளவு வேகமாகக் கை வீசினாலும் நின்ற இடத்திலேயே நின்றேன். வலை இழுத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் இதைக் கண்டு, "தம்பி, எதிர்த்து நீந்தாதே, கரை ஓரமாகப் போ" என்று கூவினார். அவர் கையைக் காட்டிய பக்கமாக நீந்தினேன். நீரோட்டம் விட்டது, அலையே என்னைக் கரை சேர்த்தது. "கிணற்றுத் தண்ணீர் நிற்கும், தம்பி, கடல் தண்ணீர் நடக்கும்" என்றார் அவர். அன்று முதல் எந்தக் கரையிலும் அவ்வூர் மீனவரைக் கேட்காமல் நான் இறங்கியதில்லை. தனுஷ்கோடி முனையைப் போல நீரோட்டம் வலுத்த இடங்களில் குளிக்கவும் கூடாது என்று எச்சரிக்கை இருந்தால், அதற்கு மறுமொழி இல்லை. 108 என்னும் மருத்துவ ஊர்தி எண்ணையும், 1093 என்னும் கடலோரக் காவல் எண்ணையும் குறித்து வைத்திருங்கள். ஸ்கூபா செய்வோர், அழுத்த அறை உள்ள மருத்துவமனை எங்கே என்பதையும் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

பாண்டிய நாட்டுக் கொற்கையின் முத்து உலகறிந்தது. அந்த மரபில் வந்த முத்துக்குளிப்பவர்கள், கல்லொன்றைக் காலில் பற்றி, ஐந்து முதல் பத்து பாகம் ஆழம் இறங்கி, ஒரே மூச்சில் சிப்பியை வாரிக்கொண்டு வந்தார்கள். தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். சிப்பிகள் குன்றியதால் அது நின்றுபோயிற்று. அவர்களுக்குக் கருவி ஏதும் இல்லை. ஆனால் படகில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவன் எப்போதும் இருந்தான். அக்கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. தன் தங்கையின் தாலிக்காக அவன் கண்ணிமைக்காமல் இருப்பான் என்பது அதன் கருத்து. இன்றைய ஸ்கூபாவில் இதற்கே இணைவர் முறை என்று பெயர். இருவராக இறங்கி, ஒருவரையொருவர் பார்வையில் வைத்து, இருவராக ஏறுதல். ஒருவர் களைத்தால் இருவரும் திரும்ப வேண்டும்.

அவிநாசியில் பிறந்தவர்களுக்கு இதைப் பிற நாட்டு நூல்கள் சொல்ல வேண்டியதில்லை. நம் தலத்தின் வரலாறு எது? இரண்டு சிறுவர் குளத்துக்கு நீராடச் சென்றனர். ஒருவன் திரும்பினான், மற்றவனை முதலை விழுங்கிற்று. ஆண்டுகள் சில கழிந்து, ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மங்கல ஒலியும், எதிர்வீட்டில் மகனை இழந்த பெற்றோரின் அழுகையும் ஒருங்கே கேட்டன. அவ்வழி வந்த சுந்தரர் அதைக் கேட்டு மனமிரங்கிப் பதிகம் பாடி, முதலை உண்ட பாலனை மீட்டுத் தந்தார் என்பது புராணம்.

மீட்டுத் தர ஒரு சுந்தரர் வந்தார் என்பதையே நாம் கொண்டாடுகிறோம். எதிரெதிர் வீடுகளில் ஒலித்த அந்த இரண்டு ஒலிகளையும் நினைத்துக்கொள்வது நல்லது. கடலுக்குச் செல்லுங்கள், அஞ்ச வேண்டியதில்லை. காலம் பார்த்துச் செல்லுங்கள், கற்றுச் செல்லுங்கள், கேட்டு இறங்குங்கள். எத்தனை பேர் இறங்கினீர்களோ அத்தனை பேரும் கரையேறி, ஒன்றையும் ஒடித்து எடுத்து வராமல், கண்டதை மட்டும் நெஞ்சில் கொண்டு ஊர் திரும்புங்கள்.